கணவனை இழந்தோர்க்குச் சட்டம் வகுத்த பங்கு

இராணிப்பேட்டை என்னும் பெயரிலேயே ஒரு கைம்பெண்ணின் கதை அடங்கியுள்ளது. 1714ஆம் ஆண்டில் செஞ்சியின் தேசிங்குராசன் ஆர்க்காட்டு நவாப் சாததுல்லா கானின் படையோடு பொருது மாண்டான். அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே நவாப் பாலாற்றங்கரையில் இவ்வூரை அமைத்தார் என்பர். தீப்புகுந்தவளுக்கு ஊர் எழுப்பிய நாடு, உயிரோடு எஞ்சிய பெண்ணுக்குச் செய்தது என்ன? நம் இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாறு இதுவே.

நம் மூதாதையர் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டிய காலத்தில், தொழிலாளி இறந்தால் அவன் மனைவிக்குக் கிடைத்தது முதலாளியின் இரக்கம் மட்டுமே. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் அந்த இரக்கத்தை உரிமையாக்கியது. வேலையால் நேர்ந்த விபத்தில் இறந்தவனைச் சார்ந்தோருள் மனைவி முதலிடம் பெற்றாள். இறப்புக்குரிய நட்டஈட்டை ஆணையரிடமே செலுத்த வேண்டும் என்று அதன் 8ஆம் பிரிவு விதித்தது. வீட்டு வாசலில் சிறு தொகை கொடுத்துக் கைநாட்டு வாங்கிக் கணக்கை முடிக்கும் வழக்கத்திற்கு அது தடையாயிற்று.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அக்காலத்தில், 1944இல், பேராசிரியர் அடார்க்கர் தொழிலாளர் காப்பீடு பற்றி அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. வேலையிற் பட்ட காயத்தால் இறந்தவனின் மனைவிக்கு, முழு உதவித்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு, அவள் வாழ்நாள் வரை அல்லது மறுமணம் வரை மாதந்தோறும் கிடைக்க அது வழி செய்தது. சேமநிதி உறுப்பினர்க்குக் குடும்ப ஓய்வூதியம் 1971இல் வந்தது. 1995ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, பணியிலிருக்கையில் இறந்தவர் ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலே மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. இறப்பு விபத்தால் நேர்ந்திருக்க வேண்டுவதில்லை. இவ்வகை எதிலும் சேராத ஏழைக் கைம்பெண்களுக்கெனத் தமிழக அரசு 1975இல் தனி உதவித்தொகை தொடங்கியது. 2023இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது.

2015 சனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தோல் தொழிற்சாலையில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் உள்ளிட்ட பத்துப் பேர் சேற்றில் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினர். இத்தகைய வேளையில் அதிகாரி முதலிற் கேட்பது கண்ணீரையன்று, காகிதத்தை. கணவன் பெயர் வருகைப் பதிவேட்டில் உண்டா? மனைவி பெயர் காப்பீட்டுப் படிவத்தில் உண்டா? திருமணத்திற்குச் சான்று உண்டா? ஒப்பந்தக்காரரின் கீழ்ப் பெயரின்றி உழைப்பவனின் மனைவி, சட்டம் இருந்தும் வெறுங்கையோடு திரும்ப நேர்கிறது.

2025 நவம்பர் 21 முதல் இச்சட்டங்கள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் அடங்கின. சட்டத்தின் பெயர் மாறினாலும் பதிவின் தேவை மாறவில்லை. படித்த இளைஞர்களே! உங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டின் படிவத்தையும் இன்றே வாங்கிப் பாருங்கள். விடுபட்ட பெயரைக் கணவன் உயிரோடிருக்கும்போதே எழுதச் செய்யுங்கள். நாம் பெற்ற கல்விக்கு இதனினும் சிறந்த பயன் வேறில்லை.