உளநோய் மருந்துகளின் ஆஃப்-லேபிள் பயன்பாடும் மருத்துவர் பொறுப்பும் (ஐக்கிய அமெரிக்கா)

ஆஃப்-லேபிள் பயன்பாடு என்பது அரசு அங்கீகரித்த நோய், வயது அல்லது அளவுக்குப் புறம்பாக ஒரு மருந்தைப் பரிந்துரைப்பது ஆகும். உளநோய் மருத்துவத்தில் இது பரவலானது.

ஐக்கிய அமெரிக்காவில் இது சட்டவிரோதம் அன்று. அங்கீகாரம் இல்லாமையைத் தடை எனக் கொள்வது பரவலான பிழை. உணவு, மருந்து நிர்வாகம் மருந்தின் விற்பனையையும் விளம்பரத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. மருத்துவரின் தொழிலை அல்ல. 2001இல் பக்மன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இப்பயன்பாட்டைத் தேவையானதாகவே கருதியது.

ஆயினும் தீங்கு நேர்ந்தால் நோயாளி மாநிலச் சட்டத்தின்கீழ் கவனக்குறைவு வழக்குத் தொடரலாம். அதே நிலையில் அத்துறையின் திறமையான மருத்துவர் ஒருவர் அவ்வாறு செய்திருப்பாரா என்பதே அங்கு எழும் கேள்வி. மருந்து விவரத்தாள் சான்றாகலாம். பெரும்பாலான மாநிலங்களில் அது மட்டுமே தவற்றை நிறுவிவிடாது.

எச்சரிக்கையைப் புறக்கணிப்பது வேறு. மறதிநோயுள்ள முதியோரிடம் ஓலன்சபின் முதலிய மருந்துகள் இறப்பு வாய்ப்பைச் சுமார் 1.6 முதல் 1.7 மடங்காக உயர்த்துவதாக 2005இல் அந்நிர்வாகம் அறிவித்து, கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அதன் பின்னும் முதியவரின் கிளர்ச்சியை அடக்க இவற்றைத் தரும் மருத்துவர், மாற்று வழிகளை ஆராய்ந்ததையும் குடும்பத்தாருக்கு ஆபத்தை விளக்கியதையும் பதிவு செய்திராவிடில், நீதிமன்றத்தில் தம் தரப்பை நிலைநாட்டுவது கடினம்.

தயாரிப்பாளருக்கு இச்சலுகை இல்லை. முதியோரின் மறதிநோய்க்கு ஓலன்சபினை விளம்பரப்படுத்திய குற்றத்தை ஒப்புக்கொண்ட எலி லில்லி நிறுவனம், குற்றவியல், உரிமையியல் வழக்குகளைத் தீர்க்க 2009இல் 141.5 கோடி டாலர் செலுத்த இசைந்தது.