கிரீஸும் கியர் ஆயிலும்: எங்கள் வீட்டு ஹெரால்டின் கதை



எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது 1977இல் ஓட்டத்தை நிறுத்தியது. ஊர் எல்லை வளைவில் திரும்பும்போது முன் இடது சக்கரம் மடங்கி, வண்டி மதகுச் சுவரில் மோதியது. ஓட்டியவர் என் பெரியண்ணன். பக்கத்தில் இருந்த அப்பாவுக்குக் கை முறிந்தது. "வேகமாத் திருப்பினான்" என்று அப்பா ஒரு முறை சொன்னார். அதையே ஊரும் சொன்னது. நானும் நம்பினேன். அண்ணன் அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை.

சிறு வயதில் அந்த வண்டிக்குள் ஏறி பஸ் விளையாட்டு விளையாடிய என் மாணவன் ஒருவன் இப்போது மன்னார்குடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். "ஓட வச்சுக் காட்டுறேன் சார்" என்று போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவன் சஸ்பென்ஷனைப் பிரிக்கப் பிரிக்க, நான் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயரும் இடமா வலமா என்பதும் சீட்டில் எழுதிக் கட்டினேன்.

முதலில் வண்டியின் வரலாறு. 1950களில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனி புதிய சிறிய கார் ஒன்றைத் திட்டமிட்டது. ஆனால் அவர்களுக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லை. வேறு வழியின்றி, தனியாக ஒரு சேசிஸ் செய்து, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டினார்கள். இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். 1959இல் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. துண்டுகளாகப் பூட்டும் வண்டி என்பதால் வெளிநாடுகளுக்கு அனுப்பி அங்கே பூட்டவும் வசதியாக இருந்தது. 1961 முதல் நம் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் 948 சிசி எஞ்சினோடு உருவானது.

அந்தக் காலத்துக்கு அதன் சஸ்பென்ஷன் புதுமையானது. பின்பக்கம் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், டிஃபரன்ஷியலின் தலைமேல் குறுக்காகப் படுத்திருக்கும். இரண்டு பின் சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும். இந்த அமைப்பு நம் ஊரில் தொல்லையாகவே இருந்தது. 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் அதை நீக்கிவிட்டு ஒரே அச்சாகப் போட்டுவிட்டார்கள்.

முன்பக்கம் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். நடுவில் ஷாக் அப்சார்பரைச் சுற்றிய காயில் ஸ்பிரிங். சக்கரம் மிக அதிகமாகத் திரும்பும். 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். இரண்டு ஆர்ம்களுக்கும் இடையே வெர்டிகல் லிங்க் என்ற எஃகுத் துண்டு நிற்கிறது. மேல் முனையில் பால் ஜாயிண்ட். கீழ் முனையில் மரை வெட்டி, டிரன்னியன் என்ற பித்தளைக் கட்டிக்குள் திருகியிருக்கிறார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை பித்தளைக்குள் சுழலும். இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்த் திசையில் இருக்கும், மாற்றிப் போட முடியாது. மட்டமான வடிவமைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். லோட்டஸ் எலான் என்ற புகழ்பெற்ற பந்தயக் குடும்பத்துக் காரும் முன்பக்கத்துக்கு இதே டிரையம்ப் பாகத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த மரைக்குக் கெட்டியான கியர் ஆயில் போட வேண்டும். கிரீஸ் போடக் கூடாது. கிரீஸ் மரையின் இடுக்குவரை போகாது. நாளடைவில் காய்ந்து வழியை அடைக்கும். உள்ளே தண்ணீர் புகுந்து எஃகு துருப்பிடிக்கும். ஒருநாள் மரை இருக்கும் இடத்திலேயே முறியும். பெரும்பாலும் வேகமாகப் போகும்போது அல்ல, மெதுவாக நன்றாக ஒடித்துத் திருப்பும்போது.

மாணவன் இடப்பக்க லிங்க்கைக் கையில் கொடுத்தான். மரையின் நடுவில் இரண்டாக முறிந்திருந்தது. டிரன்னியனுக்குள் கல்லாய் இறுகிய கிரீஸ். சந்தேகம் தீர, முறியாத வலப்பக்கத்தையும் கழற்றச் சொன்னேன். அதிலும் அதே கிரீஸ். மரை கத்தி முனைபோல் தேய்ந்து துரு ஏறியிருந்தது. "இதுவும் இன்னும் கொஞ்ச நாள்ல போயிருக்கும் சார். ஓட்டினவர் மேல தப்பு இல்லை" என்றான்.

கிரீஸ் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். அப்பாதான். மாதம் தவறாமல் கோணிச் சாக்கை விரித்துப் படுத்து, கிரீஸ் கன்னால் அடிப்பார். மாட்டு வண்டி அச்சுக்கு மை போட்டுப் பழகிய கை அது. மை போட்டால் அச்சு தேயாது என்று அவருக்குத் தெரியும். இந்த ஒரு இடம் விதிவிலக்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வண்டியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்ட வண்டி, அந்த அக்கறையாலேயே முறிந்தது.

அன்று இரவு அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு இப்போது 74 வயது. நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்காக அப்பாவைத் தப்பு சொல்லாதடா" என்றார். அப்பா காலமாகி முப்பது வருடம் ஆகிவிட்டது.

முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் இருந்தவன் நான். கணக்குத் தவறிய பிள்ளையிடம் எந்தப் படியில் தவறினாய் என்று கேட்காமல், "கவனமில்லை" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அப்படி என்னிடம் பேச்சு வாங்கியவர்கள் இதைப் படித்தால் என்னை மன்னியுங்கள்.

பழைய ஹெரால்டு யார் வீட்டிலாவது இருந்தால், டிரன்னியனில் கியர் ஆயில்தான் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். காயில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் அவிழ்க்காதீர்கள், முகத்தில் அடித்துவிடும்.

முறிந்த லிங்க்கைத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அண்ணன் பொங்கலுக்கு வருகிறார், அவர் கையில் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்