அரசின் வேலைப் பாகுபாட்டு வழக்கறிஞர் நியமனம் (அமெரிக்கா)

இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு, வயது, உடற்குறை ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒருவருக்கு வேலை மறுப்பதையும், வேலையில் இருப்பவரை ஒதுக்குவதையும் அமெரிக்கச் சட்டங்கள் தடை செய்கின்றன. அந்தச் சட்டங்களின்படி நீதிமன்றத்தில் வழக்காட, கூட்டாட்சி அரசு மூத்த வழக்கறிஞர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விவரிக்கிறது. இந்தப் பதவிக்கு அரசு நடத்தும் எழுத்துத் தேர்வு கிடையாது, மதிப்பெண் தரவரிசையும் கிடையாது. ஆளெடுப்பில் நியாயம் இருந்ததா என்று மற்ற முதலாளிகளைக் கேள்வி கேட்கப் போகிறவரை, அரசு பெரும்பாலும் தன் சொந்தக் கணிப்பை நம்பியே எடுத்துக்கொள்கிறது.

எந்த அலுவலகம், யார் பக்கம்

இவ்வகை வழக்கறிஞர்கள் மூன்று இடங்களில் பணிபுரிகிறார்கள். முதலாவது, 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி உருவாக்கிய சம வேலைவாய்ப்பு ஆணையம். 1965 ஜூலை 2 அன்று செயல்படத் தொடங்கியபோது அதற்கு வழக்குத் தொடுக்கும் அதிகாரமே இல்லை. புகாரை வாங்கலாம், விசாரிக்கலாம், இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசலாம், அவ்வளவுதான். பல்லில்லாத அமைப்பு என்று குடிமை உரிமை இயக்கத்தவர் குறைப்பட்டதில் நியாயம் இருந்தது. 1972-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, தனியார் முதலாளிகள் மீது வழக்குப் போடும் உரிமையை ஆணையத்துக்குத் தந்தது. வழக்கு நடத்தும் வழக்கறிஞர் என்ற பதவி அங்கே உயிர்பெற்றது அந்த ஆண்டில்தான்.

இரண்டாவது, நீதித்துறையின் குடிமை உரிமைப் பிரிவு. மாநில அரசோ நகராட்சியோ முதலாளியாக இருந்தால், ஏழாம் பகுதியின்படி வழக்குப் போட வேண்டியது இந்தப் பிரிவுதான். காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் ஆளெடுப்பது பற்றிய பெரிய வழக்குகள் இங்கிருந்தே வந்திருக்கின்றன.

மூன்றாவது இடம் எதிர்த் திசையில் இருக்கிறது. கூட்டாட்சி அரசும் ஒரு முதலாளி. அதன் ஊழியர் ஒருவர் பாகுபாடு என்று கருதினால், 45 நாட்களுக்குள் தன் துறையின் ஆலோசகரிடம் முறையிட வேண்டும். பின்னர் அந்தப் புகார் ஆணையத்தின் நிர்வாக நீதிபதி முன் விசாரணைக்குப் போகலாம். அங்கே துறைக்காக வாதாட ஒவ்வொரு துறையும் சொந்தமாக வழக்கறிஞர்களை வைத்திருக்கிறது. ஆகவே வேலைப் பாகுபாட்டுச் சட்டத்தில் மூத்த அரசு வழக்கறிஞர் தேவை என்று ஓர் அறிவிப்பு வந்தால், விண்ணப்பிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது எந்த நாற்காலி என்பதைத்தான். சட்டம் ஒன்றே, ஆனால் ஒரு நாற்காலியில் உட்காருபவர் தொழிலாளிக்காகப் பேசுகிறார், இன்னொன்றில் உட்காருபவர் முதலாளிக்காகப் பேசுகிறார். ஒன்றிலிருந்து எழுந்து மற்றொன்றுக்குப் போவதும் சாதாரணம். எதிர்த்தரப்பின் யோசனை எப்படி ஓடும் என்று அறிந்தவருக்கு இரு பக்கமும் மதிப்பு உண்டு.

தேர்வு இல்லாத தேர்வு

அரசு வழக்கறிஞர்களுக்கும் பொதுத் தேர்வு வைக்க ஒரு முயற்சி நடந்ததுண்டு. 1941-இல் அதிபர் ரூஸ்வெல்ட் அதற்காகச் சட்டத் தேர்வாளர் குழு ஒன்றை அமைத்தார். சில ஆண்டுகளிலேயே நாடாளுமன்றம் அதற்கு நிதி ஒதுக்க மறுத்துவிட்டது. அன்று முதல் வழக்கறிஞர் பதவிகள் போட்டித் தேர்வுக்கு வெளியே, விலக்கு பெற்ற பணி என்ற வகையில் இருக்கின்றன. தகுதியை அந்தந்தத் துறையே முடிவு செய்யலாம். பொது அறிவிப்பு வெளியிட வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இருந்தும் பெரும்பாலான பதவிகள் அரசின் வேலைவாய்ப்புத் தளத்தில் அறிவிக்கப்படுகின்றன.

அடிப்படைத் தகுதிகள் எளியவை: அமெரிக்கக் குடியுரிமை, சட்டப் பட்டம், ஏதாவது ஒரு மாநிலத்திலோ தலைநகர்ப் பகுதியிலோ வழக்கறிஞராகப் பதிவு. சிகாகோவில் வழக்கு நடத்தப் போகிறவர் ஜார்ஜியாவில் பதிவு செய்தவராக இருக்கலாம். சம்பள நிலை 11-இல் புதியவர்கள் தொடங்குவார்கள். மூத்தவர்கள் 14, 15 ஆகிய நிலைகளில் வருவார்கள். அதற்கு, கீழ்நிலைக்கு இணையான வேலையில் குறைந்தது ஓராண்டு அனுபவம் வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. நடைமுறையில் பல ஆண்டு வழக்கு அனுபவம் உள்ளவர்களே போட்டியில் நிற்கிறார்கள்.

விண்ணப்பத்தோடு இணைக்கும் எழுத்து மாதிரிதான் உண்மையில் தேர்வின் இடத்தைப் பிடிக்கிறது. விண்ணப்பித்தவர் முன்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வாதவுரையில் சில பக்கங்களைத் தேர்வுக் குழு வரிவரியாகப் படிக்கும். சாட்சியத்தை எப்படி அடுக்கியிருக்கிறார், தனக்குப் பாதகமான தீர்ப்பை மறைத்தாரா, நேருக்கு நேர் எதிர்கொண்டாரா என்பவை அங்கே தெரிந்துவிடும். அடுத்து நேர்காணல், முன்னாள் மேலாளர்களிடம் விசாரிப்பு, பின்னணிச் சரிபார்ப்பு. முன்னாள் படைவீரர் என்றால் அதற்குரிய முன்னுரிமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பணியில் சேர்ந்த பிறகும் பொதுவாக இரண்டு ஆண்டுகள் சோதனைக் காலம். அது முடியும் வரை பணிநீக்கத்தை எதிர்த்து முறையிடும் உரிமை மிகக் குறைவு.

இவ்வளவு சுதந்திரம் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் பதிவு உண்டு. நீதித்துறையின் குடிமை உரிமைப் பிரிவில் 2003 முதல் 2006 வரை நடந்த நியமனங்களைத் துறையின் தலைமை ஆய்வாளர் விசாரித்தார். அறிக்கை 2009 ஜனவரியில் வெளியானது. பிரிவின் உயரதிகாரி ஒருவர் அரசியல் சார்பைப் பார்த்து ஆள் எடுத்தார் என்பது அதன் முடிவு. அவர் நியமித்தவர்களில் சார்பு வெளிப்படையாகத் தெரிந்த 65 பேரில் 63 பேர் பழமைவாதப் பக்கத்தினர். நிரந்தரப் பணிக்கு அரசியல் சார்பைப் பார்ப்பதைச் சட்டம் தடுக்கிறது. பாகுபாட்டை ஒழிக்க அமைந்த அலுவலகத்திலேயே அது நடந்தது. சட்டத்துக்கு எதிரான நியமனம் எதிராளியின் வீட்டில் மட்டும் நடக்கும் என்று நினைப்பவர்கள் இந்த அறிக்கையை ஒருமுறை புரட்டலாம்.

மூப்பு எதைக் குறிக்கிறது

2024 நிதியாண்டில் ஆணையத்துக்கு 88,531 புதிய புகார்கள் வந்தன. அதே ஆண்டில் ஆணையம் தொடுத்த வழக்குகள் 111. எந்தப் புகார் வழக்காக வேண்டும் என்று பொறுக்கி எடுப்பதில்தான் மூத்தவரின் மதிப்பு இருக்கிறது. வாதத் திறமை அதற்குப் பிறகு வருவது.

பொறுக்குவதில் பிழை வந்தால் விலை பெரிது. சரக்கு லாரி நிறுவனமான சி.ஆர்.எஸ்.டி. மீது ஆணையம் 2007-இல் வழக்குப் போட்டது. பயிற்சியாளர்களும் உடன் ஓட்டுநர்களும் பாலியல் தொல்லை கொடுத்தார்கள் என்று ஏறத்தாழ 270 பெண்கள் சார்பில் வழக்கு வளர்ந்தது. அவர்களில் 67 பேரின் கோரிக்கைகளை, வழக்குக்கு முன்பு தனித்தனியாக விசாரிக்கவும் சமரசம் பேசவும் இல்லை என்ற காரணத்தால் நீதிமன்றம் தள்ளியது. நிறுவனத்தின் வழக்குச் செலவாக 40 லட்சம் டாலருக்கு மேல் ஆணையம் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. செலவுத் தொகைச் சண்டை 2016-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இன்று நேர்காணலில் சமரச நடைமுறையைப் பற்றிக் கேள்வி வந்தால், அதன் பின்னால் இந்த வழக்கின் நிழல் இருக்கும்.

எண்ணிக்கையை மட்டும் நம்புவதும் ஆபத்து. சியர்ஸ் கடைகளில் அதிகக் கமிஷன் கிடைக்கும் விற்பனை வேலைகள் ஆண்களுக்கே போயின என்று ஆணையம் வழக்காடியது. புள்ளிவிவரம் மலைபோல் இருந்தது. எனக்கு அந்த வேலை மறுக்கப்பட்டது என்று கூண்டில் ஏறிச் சொல்லும் ஒரு பெண்ணையும் ஆணையம் கொண்டுவரவில்லை. பெண்களின் வேலை விருப்பம் எப்படி உருவானது என்று இரண்டு பெண் வரலாற்றாசிரியர்கள் எதிரெதிர்ப் பக்கம் சாட்சி சொன்னார்கள். 1986-இல் ஆணையம் தோற்றது.

வென்றாலும் சட்டம் கையைக் கட்டும். அயோவா மாநிலம் அட்டலிசாவில் அறிவுத்திறன் குறைபாடுள்ள 32 ஆண்களைப் பழைய பள்ளிக் கட்டடத்தில் தங்கவைத்து, மாதம் 65 டாலர் கொடுத்து, வான்கோழி இறைச்சி ஆலையில் பல்லாண்டு வேலை வாங்கியிருந்தது ஒரு நிறுவனம். 2013-இல் ஜூரி அவர்களுக்கு 24 கோடி டாலர் இழப்பீடு தீர்மானித்தது. ஆணையத்தின் வரலாற்றில் அதுவரை காணாத தொகை. ஆனால் 1991-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம், இழப்பீட்டுக்கும் தண்டத் தொகைக்கும் நிறுவனத்தின் அளவுப்படி ஆளுக்கு 50,000 முதல் 3,00,000 டாலர் வரை உச்சவரம்பு வைத்திருக்கிறது. நிறுவனம் சிறியது என்பதால் 24 கோடி வெறும் 16 லட்சமாகச் சுருங்கியது. தீர்ப்பு எழுதிய ஜூரிக்கு இந்த வரம்பைச் சொல்லக் கூடாது என்பதும் அதே சட்டம்.

இந்தியர்கள் நேரடியாகத் தொடர்புடைய வழக்கும் உண்டு. கத்ரீனா புயலுக்குப் பின் மிசிசிப்பி, டெக்சாஸ் கப்பல் பட்டறைகளுக்கு சிக்னல் இன்டர்நேஷனல் நிறுவனம் இந்தியாவிலிருந்து வெல்டர்களையும் குழாய்ப் பொருத்துநர்களையும் வரவழைத்து நெரிசலான முகாம்களில் அடைத்திருந்தது. ஆணையம் 2011-இல் வழக்குத் தொடுத்தது. 2015-இல் 476 தொழிலாளர்களுக்கு 50 லட்சம் டாலர் என்று அது முடிந்தது.

சம்பளமும் ஆள் கிடைப்பதும்

நிலை 15-இன் சம்பளத்துக்கு 2025-இல் உச்சவரம்பு 1,95,200 டாலர். நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனங்களில் கல்லூரியிலிருந்து நேராக வரும் முதலாண்டு வழக்கறிஞரே 2,25,000 டாலர் வாங்குகிறார். முப்பதாண்டு அனுபவசாலியைவிட நேற்றுச் சேர்ந்தவருக்கு அதிகம். அப்படியும் விண்ணப்பங்கள் குவியக் காரணம் கொள்கைப் பற்று மட்டுமல்ல. பொதுப்பணியில் இருந்துகொண்டு 120 தவணை கட்டினால் மீதிக் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் இருக்கிறது. தனியார் நிறுவனத்தில் இளையவர் பல ஆண்டுகள் கோப்பு சுமக்க வேண்டிய இடத்தில், இங்கே சீக்கிரமே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பும் கிடைக்கும்.

மாநிலங்கள்

பல மாநிலங்களும் சொந்த அமைப்பும் சொந்த வழக்கறிஞர்களும் வைத்திருக்கின்றன. பெரியது கலிபோர்னியாவினுடையது. சாதிப் பாகுபாடு என்ற குற்றச்சாட்டோடு சிஸ்கோ நிறுவனத்தின் மீது 2020-இல் வழக்குப் போட்டது அதுதான். சாதி என்பது சட்டத்தில் உள்ள வம்சம், மதம், இனம் ஆகிய சொற்களுக்குள் அடங்குமா என்று அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் யோசிக்க வேண்டி வந்தது. தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த தலித் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் இந்த விவாதத்தில் முக்கியக் குரல். சியாட்டில் நகரம் 2023-இல் சாதியைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் நிராகரித்தார்.

2025-க்குப் பின்

2025 ஜனவரி 20 அன்று கூட்டாட்சி அரசில் ஆளெடுப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. அதே மாதம் ஆணையத்தின் உறுப்பினர் இருவரும் தலைமை வழக்கறிஞரும் நீக்கப்பட்டதால் ஆணையம் பல மாதம் குறைந்தபட்ச எண்ணிக்கையின்றி இருந்தது. ஏப்ரலில், விளைவால் வரும் பாகுபாடு என்ற கோட்பாட்டை (நோக்கம் இல்லாவிட்டாலும் ஒரு பிரிவினரை விகிதத்துக்கு மீறிப் பாதிக்கும் நடைமுறையும் பாகுபாடே என்பது) அமல்படுத்துவதைக் கூட்டாட்சி அமைப்புகள் பின்தள்ள வேண்டும் என்று அதிபர் ஆணை வந்தது. அந்தக் கோட்பாட்டை 1971-இல் கிரிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுவியபோது கேள்விக்குள்ளானவை, வேலைக்குச் சம்பந்தமில்லாமல் டியூக் மின் நிறுவனம் வைத்த தேர்வுகளும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் நிபந்தனையும். ஆணையத்துக்கு வழக்குப் போடும் அதிகாரம் இல்லாத நாட்கள் அவை. ஆனாலும் அதன் வழிகாட்டுக் குறிப்புக்கு நீதிபதிகள் பெரும் மதிப்புத் தந்தார்கள். 1991-இல் நாடாளுமன்றம் அந்தக் கோட்பாட்டைச் சட்டத்திலேயே எழுதியிருப்பதால், அரசு வழக்கறிஞர் ஒதுங்கினாலும் தனிநபர்கள் அதைக் கொண்டு வழக்காட முடியும்.