நிலவறையில் நடந்த வகுப்பு

பிரஜா தர்மத்தைக் கல்லூரி மாணாக்கருக்குப் போதிப்பதென்றால் அரசியல் சட்டத்தின் ஷரத்துகளை உருப்போடச் செய்து பரீட்சை வைப்பதே போதும் என்று பெரிய சர்வகலாசாலைகளும் எண்ணியிருந்த காலத்தில், அமெரிக்கத் தென்பகுதியில் டென்னஸி மாநிலத்தின் தலைநகரான நாஷ்வில்லில், கறுப்பினத்தாரின் மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றின் நிலவறையிலே, பாடப்புத்தகமும் பட்டமும் இல்லாத ஒரு வகுப்பு நடந்துவந்தது.

ஆசிரியர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போரின்போது கட்டாய ராணுவச் சேவைக்கு இணங்க மறுத்து 13 மாதம் சிறையிருந்தவர். பின்பு திருச்சபை ஊழியராக நாகபுரிக்கு வந்து, ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்றாண்டு பணியாற்றி, காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தை அது வேரூன்றிய மண்ணிலேயே பயின்றவர். 1957-இல் அவரைச் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், தென்பகுதிக்குத் தாமதியாமல் வருமாறு வேண்டிக்கொள்ளவே, நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் சமயக் கல்வி மாணவராகச் சேர்ந்தார்.

எந்த அநீதியை முதலில் எதிர்ப்பது என்பதை அவர் தாமே தீர்மானிக்கவில்லை. நகரின் பெரிய கடைகளில் பணம் கொடுத்துச் சாமான் வாங்கலாம், ஆனால் பசித்த குழந்தையுடன் அங்கே உட்கார்ந்து ஒருவாய் உண்ண இடமில்லை என்று கறுப்பினத் தாய்மார்கள் சொன்ன துயரமே அவருக்கு வழிகாட்டிற்று. போராட்டத்தின் இலக்கை மேடைப் பேச்சாளரிடமிருந்து பெறாமல், அன்றாடம் அவமானப்படுவோரிடம் கேட்டறிந்த அந்தப் பணிவையே அவ்வகுப்பின் முதற் பாடமாக நான் கருதுகிறேன்.

1959-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், டயான் நாஷ், ஜான் லூயிஸ் முதலிய மாணாக்கர் சிலர் மாலைவேளைகளில் அங்கே கூடினர். மலைப்பிரசங்கத்தையும் காந்தியடிகளையும் பற்றி விவாதித்தபின், நாற்காலிகளை உணவுக்கடை போல வரிசையாகப் போட்டு, சிலர் வாடிக்கையாளராக அமர, மற்றவர்கள் வெறியராக வேடம் பூண்டு, வாயில் வந்தபடி ஏசி, முகத்தில் சிகரெட் புகையை ஊதி, இருக்கையிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். விழுந்தவர் தலையை எவ்விதம் காத்துக்கொள்வது, தோழர் அடிபடும்போது திருப்பி அடிக்காமல் எவ்விதம் குறுக்கே புகுந்து அடிகளைத் தாம் ஏற்பது என்பவற்றையெல்லாம் அங்கே பழகினார்கள். கோபத்தை அடக்கும் சக்தி பிறவிக்குணமன்று, சாதகத்தால் குரல் வசப்படுவதுபோல் பயிற்சியால் வசப்படுவது என்பதை அந்த இளைஞர்கள் தம் உடம்பைக் கொண்டே கற்றனர்.

1960 பிப்ரவரி 13-ஆம் தேதி, நூற்றுக்கு மேற்பட்ட மாணாக்கர் சென்று கடைகளில் அமர்ந்தனர். 27-ஆம் தேதி, அவர்களைக் குண்டர்கள் அடித்து உதைக்க, போலீசாரோ அடிபட்டவர்களையே கைது செய்தனர். ஒரு வரிசையை அழைத்துப்போன மறுகணமே அடுத்த வரிசை வந்து அமர்ந்தது. அபராதம் கட்டுவதினும் சிறை செல்வதே மேல் என்று துணிந்தனர் பலர். இப்போராட்டத்தின் விளைவாக வாண்டர்பில்ட் நிர்வாகம் லாசனை நீக்கியது. அதைக் கண்டித்து அவருடைய பேராசிரியர்கள் பலர் ராஜினாமா செய்ய முன்வந்தனர்.

ஏப்ரல் 19-ஆம் தேதி விடியற்காலை, மாணாக்கருக்காக வாதாடிய வக்கீல் லூபியின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. அன்றே ஆயிரக்கணக்கானோர் மௌனமாக ஊர்வலம் சென்றனர்; நகராட்சி மன்றப் படிகளில் மேயர் பென் வெஸ்ட்டை எதிர்கொண்ட டயான் நாஷ், நிறத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்குவது தவறில்லையா என்று நேருக்கு நேர் வினவ, தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10-ஆம் தேதி அக்கடைகளின் உணவுப் பகுதிகள் கறுப்பினத்தாருக்கும் திறந்துவிட்டன.

மறு ஆண்டில், பஸ் பிரயாணத்திலும் நிறபேதம் ஒழிய வேண்டுமென்று புறப்பட்ட சுதந்திர யாத்திரை அலபாமாவின் வன்முறையால் தடைப்பட்டபோது, அதைத் தொடரச் சென்றவர்களும் நாஷ்வில் மாணாக்கரே; அவர்களிற் சிலர் மரண சாசனம் எழுதிவைத்துவிட்டுப் பஸ் ஏறினர். யாத்திரையில் கலந்துகொண்ட தன் மாணாக்கர் 14 பேரை டென்னஸி மாநிலச் சர்வகலாசாலை வெளியேற்றியது; அவர்களுக்கு அது கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது 2008-ஆம் ஆண்டில்.