இரண்டாம் எண் ஜெர்ஸிக்கு இவ்வளவு அவசரமாக ஓய்வு ஏன்?

2025 ஏப்ரல் 19. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற மலையடிவார ஊர். அங்கேயுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி, வசந்தகாலப் பயிற்சி ஆட்டம் ஒன்றை ஆடியது. வெற்றி தோல்விக்குப் பெரிய அர்த்தமில்லாத ஆட்டம். ஆனால் அன்று அங்கே நடந்த ஒரு விழாவைப் பற்றித்தான் பல வாரங்களுக்குப் பேச்சாக இருந்தது. டிராவிஸ் ஹண்டரின் 12ஆம் எண் ஜெர்ஸிக்கும், ஷெடூர் சாண்டர்ஸின் 2ஆம் எண் ஜெர்ஸிக்கும் நிரந்தர ஓய்வு என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. இனி எந்த மாணவனும் அந்த எண்களை அணிந்து கொலராடோவுக்காக ஆட முடியாது.

ஹண்டருக்குக் கொடுத்ததைப் பற்றி பெரிய சண்டை இல்லை. ஷெடூருக்குக் கொடுத்ததைப் பற்றித்தான் சண்டை!

முதலிலேயே ஒரு விளக்கம். இங்கே கால்பந்து என்றால் உலகக்கோப்பையில் பார்க்கும் கால்பந்து அல்ல. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த அமெரிக்கக் கால்பந்து. அதைக் கல்லூரி மாணவர்கள் ஆடும்போதே ஐம்பதாயிரம், எண்பதாயிரம் பேர் மைதானத்துக்கு வருவார்கள்.

ஜெர்ஸிக்கு ஓய்வா, அது என்ன?

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. 2017இல் ஷர்துல் தாக்கூர் 10ஆம் எண் போட்டுக்கொண்டு இந்திய அணிக்கு ஆட வந்தபோது, "சச்சினின் எண்ணை இவர் எப்படிப் போடலாம்?" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதே கொதிப்புதான் இது. வித்தியாசம் என்னவென்றால், அமெரிக்காவில் இதை விழா எடுத்து அதிகாரபூர்வமாகவே செய்வார்கள்.

இந்த கௌரவத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு கல்லூரி அணியில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். இருப்பதோ இரண்டு இலக்கத்துக்குள் அடங்கும் எண்கள்தான். பல அணிகளில் ஒரே எண்ணை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இந்த நிலையில் ஒரு எண்ணைப் பூட்டி வைத்தால், பின்னால் வரும் மாணவர்களிடமிருந்து அதை எடுத்துக்கொள்வதாகத்தான் அர்த்தம். அதனால் பல பல்கலைக்கழகங்கள் இதில் மகா கஞ்சத்தனமாக இருக்கின்றன. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் ரெட் கிரேஞ்சின் 77க்கும் டிக் பட்கஸின் 50க்கும் மட்டுமே ஓய்வு கொடுத்திருக்கிறது. நோட்ர டாம் எண்களுக்கு ஓய்வு கொடுப்பதே இல்லை.

கொலராடோவும் கஞ்சத்தனமாகத்தான் இருந்தது. அங்கே 1890லிருந்து கால்பந்து ஆடுகிறார்கள். 2025க்கு முன்பு வரை ஓய்வு பெற்ற எண்கள் மொத்தமே நான்கு!

அந்த நான்கு பேர்

பைரன் வைட், எண் 24. 1937இல் நாட்டிலேயே அதிக தூரம் பந்தை ஏந்தி ஓடியவர். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதுக்கான வாக்கெடுப்பில் அந்த ஆண்டு இரண்டாம் இடம். பிறகு ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். 1962இல் ஜனாதிபதி கென்னடி அவரை அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியாக நியமித்தார். 1993 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

ஜோ ரோமிக், எண் 67. 1960, 61 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அகில அமெரிக்க அணிக்குத் தேர்வானவர். இவரும் ரோட்ஸ் உதவித்தொகை பெற்றவர். பிறகு விண்வெளி இயற்பியல் பக்கம் போய்விட்டார்.

பாபி ஆண்டர்சன், எண் 11. குவார்ட்டர்பேக்காக இருந்தவர், 1969இல் அணிக்குத் தேவை என்றதும் இடத்தை மாற்றிக்கொண்டு ரன்னிங் பேக்காக ஆடினார். அந்த ஆண்டு லிபர்ட்டி பௌலில் அலபாமாவை 47-33 என்று கொலராடோ வென்றபோது 254 கெஜம் ஓடியவர் இவர்தான்.

நான்காமவர் ரஷான் சலாம், எண் 19. இந்தக் கட்டுரைக்கு முக்கியமானவர் இவர்தான்.

சலாமின் கதை

1994. சலாம் அந்த ஒரே சீசனில் 2,055 கெஜம் ஓடினார். கடைசி லீக் ஆட்டத்தில் ஐயோவா ஸ்டேட் அணிக்கு எதிராக 2,000ஐத் தாண்டினார். கல்லூரிக் கால்பந்தின் முதல் பிரிவில் அதுவரை மூன்றே பேர் செய்திருந்த காரியம் அது. ஹைஸ்மன் விருது அவருக்குக் கிடைத்தது. கொலராடோவுக்குக் கிடைத்த முதல் ஹைஸ்மன். அணியும் 11 வெற்றி, ஒரே ஒரு தோல்வி என்று சீசனை முடித்தது.

அதன் பிறகு வாழ்க்கை அவ்வளவு நன்றாக அமையவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் சிகாகோ பேர்ஸ் அணிக்காக முதல் ஆண்டிலேயே ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடினார். பிறகு காயங்கள். சில ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிட்டது. தன்னுடைய ஹைஸ்மன் கோப்பையையே விற்றுவிட்டார். 2016 டிசம்பரில், தான் புகழ் பெற்ற அதே போல்டர் ஊரில், 42 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருடைய 19ஆம் எண்ணுக்கு கொலராடோ ஓய்வு கொடுத்தது 2017இல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹைஸ்மன் வாங்கிய நாளிலிருந்து 22 ஆண்டுகள் சலாம் உயிரோடு இருந்தார். அத்தனை ஆண்டுகளில் ஏதாவது ஒரு சனிக்கிழமை அவரை மைதானத்துக்கு அழைத்து அந்த விழாவை நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. நடத்தியபோது கைதட்டலைக் கேட்க அவர் இல்லை.

இப்போது ஷெடூருக்கு வரலாம். அவருடைய கடைசி ஆட்டம் 2024 டிசம்பர் இறுதியில். விழா 2025 ஏப்ரலில். இடைவெளி நான்கு மாதம் கூட இல்லை!

ஷெடூர் பக்க நியாயம்

அவர் ஒன்றும் சாதாரண வீரர் இல்லை. 2022இல் கொலராடோ ஆடிய 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே ஜெயித்தது. அந்த நிலையில்தான் முன்னாள் நட்சத்திரம் டியான் சாண்டர்ஸ் பயிற்சியாளராக வந்தார். கூடவே ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து மகன் ஷெடூரையும் ஹண்டரையும் அழைத்து வந்தார். 2023இன் முதல் ஆட்டத்திலேயே, முந்தைய சீசனில் தேசிய இறுதிப் போட்டி வரை போன டிசியூ அணியை 45-42 என்று வீழ்த்தினார்கள். ஷெடூர் அன்று எறிந்தது 510 கெஜம். அது கொலராடோ சாதனை.

2024இல் இன்னும் மேலே போனார். 4,134 கெஜம், 37 டச்டவுன். இரண்டுமே ஒரு சீசனுக்கான கொலராடோ சாதனைகள். அவர் எறிந்த நூறு பந்துகளில் 74 சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தன. அதுவும் எப்படிப்பட்ட பாதுகாப்புக்குப் பின்னால் நின்று? 2023இல் மட்டும் ஐம்பது முறைக்கு மேல் அவரைக் கீழே தள்ளியிருக்கிறார்கள். அவ்வளவு அடி வாங்கியும் எழுந்து நின்று எறிந்தார். அணி 2024இல் 9 வெற்றி, 4 தோல்வி. வெறிச்சோடிக் கிடந்த ஃபோல்சம் ஃபீல்டு மைதானம் மறுபடியும் நிரம்பியது. இதையெல்லாம் யாரும் மறுக்க முடியாது.

எதிர்ப்பக்கம்: தவறான வாதங்களும் சரியான வாதங்களும்

முதலில் தவறான வாதம். விழா முடிந்த அடுத்த வாரமே தொழில்முறை அணிகளின் டிராஃப்ட் நடந்தது. ஹண்டரை இரண்டாவது ஆளாக ஜாக்சன்வில் எடுத்தது. முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று பலர் எதிர்பார்த்த ஷெடூர், ஐந்தாவது சுற்றில் 144ஆவது ஆளாகத்தான் கிளீவ்லாண்ட் அணிக்குப் போனார். "பார்த்தீர்களா, இவருக்குப் போய் ஜெர்ஸி ஓய்வா!" என்று பலர் சிரித்தார்கள்.

இது வாதமே இல்லை. கல்லூரி ஜெர்ஸி என்பது கல்லூரியில் ஆடியதற்கு. பின்னால் தொழில்முறையில் என்ன ஆனது என்பதை வைத்து அளந்தால், சலாமுக்கே அந்த கௌரவம் கிடைத்திருக்காது.

சரியான வாதம் வேறு. 1990இல் கொலராடோ ஏபி தரவரிசையில் தேசிய சாம்பியன் ஆனது. அந்தப் பள்ளியின் வரலாற்றில் வேறெந்த ஆண்டும் நடக்காத விஷயம். அந்த அணியின் குவார்ட்டர்பேக் டேரியன் ஹேகன். அவர் தொடக்க வீரராக ஆடிய ஆட்டங்களில் 28 வெற்றி, 5 தோல்வி, 2 சமன். 1989இல் ஓடியும் எறிந்தும் தனித்தனியே ஆயிரம் கெஜத்தைக் கடந்தவர். அதே அணியின் ரன்னிங் பேக் எரிக் பியெனமி, 1990 ஹைஸ்மன் வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பிடித்தவர். இந்த இருவரின் எண்களுக்கும் ஓய்வு கொடுக்காமல்தான், 2025இல் ஷெடூருக்குக் கொடுத்தார்கள்.

ஷெடூர் கொலராடோவில் ஆடியது இரண்டே சீசன். அந்த இரண்டு சீசனிலும் சேர்த்து அணி 13 வெற்றி, 12 தோல்வி. 2023இல் 4-8. மாநாட்டுப் பட்டம் கிடைக்கவில்லை. 2024 இறுதியில் ஆடிய அலமோ பௌலில் பிஒய்யூவிடம் 36-14 என்று தோற்றார்கள். ஹைஸ்மன் வாக்கெடுப்பில் ஷெடூருக்கு எட்டாவது இடம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எல்லோரும் நினைத்தது, சிலர் வாய்விட்டுச் சொன்னது. ஓய்வு கொடுத்த நேரத்தில் அணியின் பயிற்சியாளர் அவருடைய அப்பா! முடிவு எடுத்தது பல்கலைக்கழகம்தான். ஆனால் அந்த ஊரில் டியான் சாண்டர்ஸ் ஒன்றை விரும்பினால் மறுத்துச் சொல்ல அன்று யாருக்குத் துணிவு இருந்திருக்கும்? மகனுக்கு நியாயமாகவே கிடைத்திருந்தாலும் பார்க்கிறவர்களுக்கு அப்படித் தெரியாது. வீட்டுக் கல்யாணத்தில் தலைவாழை இலையை யாருக்குப் போட்டாலும் "சொந்தக்காரன்தானே" என்று ஒரு குரல் வரத்தான் செய்யும்.

ஹண்டர் விஷயத்தில் ஏன் அந்தக் குரல் வரவில்லை? அவர் 2024இல் ஹைஸ்மன் வென்றார். தாக்குதலிலும் தடுப்பிலும் இரண்டு பக்கமும் முழு ஆட்டம் ஆடினார். 96 பந்துகளைப் பிடித்து 1,258 கெஜம், 15 டச்டவுன். மறுபக்கம் எதிரணியின் நான்கு பந்துகளைத் தட்டிப் பறித்தார். இதைத் தீர்மானித்தது போல்டரில் இருப்பவர்கள் அல்ல. நாடு முழுவதும் பரவியிருக்கும் வாக்காளர்கள். அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

அப்படியானால் காத்திருப்பதுதான் நல்லதா?

இங்கேதான் சலாமின் கதை குறுக்கே வந்து நிற்கிறது. "அவசரப்படக்கூடாது, காலம் தீர்மானிக்கட்டும்" என்று சொல்வது சுலபம். கொலராடோ சலாம் விஷயத்தில் காலத்திடம்தான் விட்டது. காலம் என்ன செய்தது? ஹைஸ்மன் வாங்கிய ஒரு மனிதருக்கு உயிரோடு இருக்கும்போது கிடைக்க வேண்டியதை, போன பிறகு கொடுத்தது. சும்மா காத்திருப்பதால் மட்டும் நியாயம் வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆக, சலாமுக்கு நேர்ந்த தாமதமும் ஷெடூருக்கு நேர்ந்த அவசரமும் ஒரே நோயின் இரண்டு பக்கங்கள். எழுதி வைத்த விதியின்படி இந்த கௌரவம் நடக்காமல், யார் அன்று அதிகாரத்தில் இருக்கிறார்கள், யார் மேல் வெளிச்சம் விழுகிறது என்பதை வைத்து நடப்பதுதான் நோய்.

விதி ஒன்றும் கடினமானது இல்லை. ஹைஸ்மன் போல நாடே கொடுக்கும் முதல் விருதை வென்றவருக்கு, ஆடி முடித்த உடனே ஓய்வு கொடுத்துவிடலாம். இருபது வருடம் இழுக்க வேண்டாம். மற்றவர்களுக்கு, கடைசி ஆட்டத்திலிருந்து ஐந்து ஆண்டு கழித்து, அப்போதைய பயிற்சியாளருக்கு இடமில்லாத ஒரு குழு தீர்மானிக்கட்டும். இந்த விதி இருந்திருந்தால் சலாம் 1995இலேயே தன் எண்ணை மைதானத்தில் பார்த்திருப்பார். ஹண்டருக்கு 2025இல் கிடைத்தது அப்படியே கிடைத்திருக்கும். ஹேகனும் பியெனமியும் எப்போதோ அந்தக் குழுவின் முன் வந்திருப்பார்கள்.

ஷெடூர்? அவருடைய முறை 2029 டிசம்பரில் வந்திருக்கும். அந்த 4,134 கெஜமும் 37 டச்டவுனும் அதற்குள் எங்கும் ஓடிப்போயிருக்காது. அந்தச் சாதனைகள் அன்றும் நிலைத்திருந்தால், மூழ்கிக்கிடந்த ஒரு அணியைத் தூக்கி நிறுத்தியவர் என்ற பெயரோடு சேர்ந்து, குழு அநேகமாக "ஆம்" என்றே சொல்லியிருக்கும். அப்போது அந்த "ஆம்" முழுக்க முழுக்க அவருடையதாக இருந்திருக்கும். அப்பா கல்லூரியில் அணிந்ததும் அதே 2ஆம் எண்தான். ஆனால் அந்த கௌரவம் அப்பாவால் வந்தது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

எனவே கேள்விக்கு விடை இதுதான். ஷெடூர் சாண்டர்ஸுக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்வது அநியாயம். 2025 ஏப்ரலில் அதைக் கொடுத்தது தவறு என்று சொல்வது நியாயம். அந்த அவசரத்தால் ஹேகனையும் பியெனமியையும்விட அதிகம் இழந்தவர் ஷெடூர்தான். இனி ஃபோல்சம் ஃபீல்டில் அந்த 2ஐப் பார்க்கிற ஒவ்வொருவரும், அவர் எறிந்த பந்துகளை நினைப்பதற்கு முன்னால் "இது எப்படிக் கிடைத்தது?" என்றுதான் நினைப்பார்கள். பக்கத்திலேயே இருக்கும் 19ஐப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. அதைப் பார்ப்பவர்களுக்கு வேறொரு கேள்வி வருகிறது: "இதை ஏன் முன்னாலேயே கொடுக்கவில்லை?"