சின்ன ரிவிட்... பெரிய பாலம்!

பேச்சுவழக்கில் "ரிவிட் அடிச்சுட்டான்" என்றால் ஆப்பு வைத்துவிட்டான் என்று அர்த்தம். நிஜத்தில் ரிவிட் செய்வது நேர் எதிரான வேலை. பிரியாமல் சேர்த்துப் பிடிப்பது. ஆனால் தவறான ரிவிட்டைத் தேர்ந்தெடுத்தால் அது உண்மையிலேயே ஆப்புதான்!

ராமேஸ்வரம் செல்லும் ரயில்கள் நூறாண்டுக்கும் மேலாகக் கடலைக் கடந்தது பழைய பாம்பன் பாலத்தில். 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. 145 கண்கள், கப்பலுக்கு வழிவிடும் ஒரு தூக்குப்பாலம். அன்று பாலம் கட்டும் அளவுக்கு வெல்டிங் வளரவில்லை. போல்ட் போட்டால் ரயில் அதிர்வில் நட்டு தளரும். எனவே ரிவிட்தான். அதைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, துளைக்குள் விட்டு, மறுமுனையை அடித்துத் தலையாக்குவார்கள். குளிரும்போது அது சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும்.

அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1912-ல், டைட்டானிக் மூழ்கியது. அந்தக் கப்பலின் நடுப்பகுதிக்கு இயந்திரத்தால் அடித்த எஃகு ரிவிட். இயந்திரம் நுழையாத முன், பின் பகுதிகளுக்குக் கையால் அடித்த தேனிரும்பு ரிவிட். பனிப்பாறை மோதியது முன்பகுதியில்! கடலடியிலிருந்து எடுத்த தேனிரும்பு ரிவிட்டுகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது கசடு அதிகமாக இருந்தது. மோதலில் அவற்றின் தலைகள் தெறித்து, தகடுகள் விலகியிருக்கலாம் என்பது சில உலோகவியல் ஆய்வாளர்களின் கருத்து.

வலிமை மட்டும் போதுமா? போதாது. பாம்பனில் இன்னொரு எதிரி உண்டு: உப்புக்காற்று.

இங்கேதான் காரைக்குடி வருகிறது. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (செக்ரி) 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் முக்கியத் துறைகளில் ஒன்று உலோக அரிப்பு. பாம்பனுக்கு இக்கரையில் மண்டபத்திலும் ஆய்வு நிலையம் அமைத்தது. எந்த ஊரில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று இந்திய அரிப்பு வரைபடமே தயாரித்தது.

மின்வேதியியல் சொல்லும் பாடம் எளிது. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் இருந்தால் அது ஒரு பேட்டரி. ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும். பெரிய இரும்புத் தகட்டில் சின்ன அலுமினிய ரிவிட் அடித்தால், முழு அரிப்பும் அந்த ரிவிட்டின் தலையில் விழும். சீக்கிரமே காலி!

ஆக, ரிவிட் வாங்குமுன் கேட்க வேண்டியவை:

1. தகடு என்ன உலோகம்? முடிந்தவரை ரிவிட்டும் அதே இனம். இரும்புக்கு இரும்பு, செம்புப் பாத்திரத்துக்குச் செம்பு.

2. பின்பக்கம் கை போகுமா? போகாவிட்டால் பாப் ரிவிட். ஆனால் அது உள்ளே குழல். பெரிய பாரத்துக்கு ஆகாது.

3. நீளம் சரியா? உருண்டைத் தலை அமைய, தகட்டுக்கு வெளியே ரிவிட்டின் விட்டத்தைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு நீள வேண்டும்.

4. மேற்பரப்பு சமமாக இருக்க வேண்டுமா? அப்படியானால் பதிதலை ரிவிட். விமானத்தின் வெளித்தோலில் இருப்பது இதுதான்.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலத்தின் 120-க்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலில் விழுந்தன. கடலிலிருந்து மீட்ட கர்டர்களையும் பயன்படுத்தி, ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் மீண்டும் எழுந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் இணைப்புகள் வெல்டிங். காலம் மாறியது, தேர்வும் மாறியது.

வணிகவியல் கணக்கில் ரிவிட் என்பது பில்லின் கடைசி வரி. அங்கே மிச்சம் பிடிக்கும் காசுதான் உலகத்திலேயே விலை அதிகமான சிக்கனம்!