மரத்திலிருந்து வந்த கை: கேரி பர்ட்டனின் அஞ்சலித் தொகுப்பில் ரெட் நார்வோவின் இடம்

வைப்ரஃபோன் கலைஞர் கேரி பர்ட்டன் 2001இல் கான்கார்ட் நிறுவனம் வழியாக வெளியிட்ட ‘ஃபார் ஹாம்ப், ரெட், பேக்ஸ், அண்ட் கால்’ தொகுப்பை ஒரு வம்சாவளியாக வாசிப்பதே ஆய்வாளர்களின் வழக்கம். லயனல் ஹாம்ப்டன் மூலவர். ரெட் நார்வோ அவருக்குப் பக்கத்தில் நிற்பவர். பிறகு மில்ட் ஜாக்சன், கால் ஜேடர். நான்கு கோல்களால் வாசிக்கும் பர்ட்டனோ இந்த வரிசைக்கு வெளியே, பியானோவின் வழியில் வந்தவர். இந்த வாசிப்பில் நார்வோவுக்குக் கிடைக்கும் இடம் தவறானது என்பது என் கருத்து. பர்ட்டனின் கை ஸ்விங் காலத்துக்குள்ளிருந்தே வந்தது. வந்த வழி நார்வோ.

தலைப்பின் வரிசையை ஆதாரமாகக் கொள்வது பலவீனமான தொடக்கம். ஹாம்ப்டனும் நார்வோவும் 1908இல் பிறந்தவர்கள். நார்வோ இருபது நாள் மூத்தவர். தொகுப்பு வெளிவந்தபோது நால்வரில் உயிரோடிருந்தவர் ஹாம்ப்டன் மட்டுமே. அவர் பெயர் முதலில் நிற்க அந்த ஒரு காரணமே போதும்.

ஹாம்ப்டனின் முதன்மையை நான் மறுக்கவில்லை. 1930 அக்டோபரில் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் பதிவான ‘மெமரீஸ் ஆஃப் யூ’வில்தான் ஜாஸ் இசைத்தட்டுகளில் வைப்ரஃபோன் தன் குரலைக் காட்டியது. ஆனால் ஹாம்ப்டன் டிரம்ஸிலிருந்து வந்தவர். பியானோவைக்கூட இரண்டு விரல்களால், கோல்களால் அடிப்பதுபோல வாசித்தவர். கருவியை வைத்து முதலில் பதிவுசெய்தவர் யார் என்ற கேள்வியும், பின்னால் வந்த ஒரு கை எங்கே உருவானது என்ற கேள்வியும் ஒன்றல்ல.

இரண்டாவது கேள்விக்கான விடை 1933 நவம்பரில் பிரன்ஸ்விக் நிறுவனத்துக்காகப் பதிவான ஒரே இசைத்தட்டில் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் பிக்ஸ் பைடர்பெக்கின் பியானோ ஆக்கமான ‘இன் எ மிஸ்ட்’. மறுபக்கம் நார்வோவின் சொந்த ஆக்கமான ‘டான்ஸ் ஆஃப் தி ஆக்டோபஸ்’. நார்வோ வாசிப்பது மரிம்பா. உடன் பென்னி குட்மன் (கிளாரினெட்டை விட்டுவிட்டு பாஸ் கிளாரினெட்டில்), கிதாரில் டிக் மெக்டொனா, பாஸில் ஆர்டி பெர்ன்ஸ்டீன். டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை.

இந்தத் தட்டை ஒதுக்குபவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். முதலாவது, நிறுவனத்தின் ஜாக் கேப் இதைக் கேட்டுச் சீறி, ஒப்பந்தத்தைக் கிழித்து நார்வோவை வெளியேற்றிய கதை. கதை பிரபலமானது, நானும் அதை நம்புகிறேன். ஆனால் அதிலிருந்து ‘யாரும் கேட்காத தட்டு’ என்ற முடிவுக்குத் தாவுவதை ஏற்க முடியாது. அதே தட்டு முப்பதுகள் முழுவதும் விற்பனையில் இருந்தது. ஒரு மேலாளரின் கோபத்தை ஒரு காலத்தின் செவியாக எடுத்துக்கொண்டதுதான் இங்கே நடந்த பிழை. நார்வோவின் இசை வரலாற்றில் ஒரு வழிவிலகலாகச் சுருங்கியதற்கு இந்தப் பிழையே பெரும்பாலும் காரணம் என்று எண்ணுகிறேன்.

இரண்டாவது காரணம், மரிம்பா வைப்ரஃபோன் அல்ல என்பது. என் வாதமே அதுதான். மரிம்பாவின் மரத்தாலான பட்டையின் ஒலி அடித்த கணத்திலேயே தணியத் தொடங்கிவிடும். அதை நீட்டிவைக்கப் பெடல் கிடையாது. மரத்தில் பழகியவர் ஒவ்வொரு சுரத்துக்கும் முடிவு உண்டு என்ற உணர்வோடு வளர்கிறார். வைப்ரஃபோனின் உலோகப் பட்டையோ பெடலை மிதித்தால் நெடுநேரம் ஒலிக்கும். குழாய்களின் வாயில் மோட்டாரால் சுழலும் வட்டுகள் அந்த ஒலியில் நடுக்கத்தையும் சேர்க்கின்றன. ஹாம்ப்டன் அந்த நடுக்கத்தை விநாடிக்குச் சுமார் பத்துச் சுழற்சியில் வைத்திருந்தார். ஜாக்சன் அதை மூன்றுக்குச் சற்று மேல் வரை இறக்கி, பாடகனின் குரலைப் போலாக்கினார். நார்வோ 1943இல் வைப்ரஃபோனுக்கு மாறியபோது மோட்டாரையே தவிர்த்தார். அதுவரை ஏறத்தாழ முழு ஸ்விங் காலத்தையும், பாடகி மில்ட்ரெட் பெய்லியோடு நடத்திய இசைக்குழு உட்பட, சைலஃபோனிலேயே கழித்தவர் அவர். உலோகத்துக்கு வந்த பிறகும் மரத்தின் காதோடுதான் வாசித்தார்.

பர்ட்டனும் ஆறு வயதில் மரிம்பாவில் கைவைத்தவர். அவர் வாசிப்பிலும் மோட்டாரின் நடுக்கம் வழக்கமில்லை. அதைவிட முக்கியமானது, பெடல் மிதித்திருக்கும்போதே தேவையற்ற பட்டையை மட்டும் கோலின் நுனியால் தொட்டு அணைக்கும் அவருடைய முறை. மரம் தானாகவே தரும் முடிவை உலோகத்தில் அவர் கையால் உண்டாக்குகிறார் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். 1971இல் மான்ட்ரூவில் துணைக் கருவி எதுவுமின்றித் தனியே வாசித்த பதிவுகளில் அந்த அணைப்பு இல்லையென்றால் உள்குரல்கள் ஒன்றோடொன்று குழம்பிப் போயிருக்கும்.

பில் எவன்ஸின் பியானோவே பர்ட்டனின் ஊற்று என்பார்கள். சுரக்கோப்பைப் பொறுத்தவரை இருக்கலாம். ஆனால் ஒரு பட்டையை எப்போது அணைப்பது என்பதைப் பியானோ யாருக்கும் சொல்லித்தராது. பர்ட்டன் அந்த 1933ஆம் ஆண்டுத் தட்டைக் கேட்டே பழகினார் என்றும் நான் சொல்லவில்லை. கைவழக்கங்கள் ஆசிரியர்கள், மேடைகள், பல இடைப்பட்ட கைகள் வழியாகவும் வந்து சேரும்.

மரபு அந்தத் தட்டோடு அறுந்துவிட்டதாகக் கருதுவோர் 1950இல் டால் ஃபார்லோ, சார்ல்ஸ் மிங்கஸ் ஆகியோரோடு நார்வோ அமைத்த மூவர் குழுவைக் கேட்க வேண்டும். அங்கும் டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை. வைப்ரஃபோன், கிதார், பாஸ் மட்டுமே. பதினேழு ஆண்டுக்கு முன் மரத்தில் தொடங்கிய அமைப்பு பாஸ் கிளாரினெட்டை உதிர்த்துவிட்டு, பீபாப் வேகத்தில் உலோகத்துக்கு இடம் மாறியிருக்கிறது. பர்ட்டனின் தலைப்பில் உள்ள ‘ரெட்’ என்ற சொல்லுக்கு உரை எழுத முனைபவர்கள் இந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையிலிருந்து தொடங்கலாம்.